லண்டனைவிட அதிக மழை பெறும் வறண்ட பூமி

லண்டனில் ஓராண்டுக்குப் பெய்யும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பாரிசில் அதைவிடச் சற்றுக் கூடுதல். கோவில்பட்டியில் 700 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. படங்களில் எப்போதும் நனைந்தபடியே காட்சி தரும் லண்டனைவிட, வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த கரிசல் காட்டில் மழை அதிகம். ஊரில் இதைச் சொன்னால் பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். மழைமானிக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

உலகப் புவியியலின் அதிசயங்கள் என்றால் நம் மனம் சகாராவுக்கும் அமேசானுக்கும் அண்டார்ட்டிகாவுக்கும் போய்விடுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி என்று விரிந்து கிடக்கும் கரிசல் வட்டாரத்தை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. இந்த நிலத்தைப் பற்றி நாம் வழிவழியாகச் சொல்லிவரும் வாக்கியங்கள் இரண்டு. மழை இல்லாததால் இது வறண்டது என்பது ஒன்று. எரிமலைக் குழம்பு மக்கியதால் இது கறுத்தது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. கரிசலை ஏதோ இல்லாத நிலமாக நினைக்கும் பழக்கம் இந்த இரண்டு பிழைகளிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். மண்ணியலாரும் வானிலையாளரும் வேளாண் ஆராய்ச்சியாளரும் வரலாற்றாசிரியரும் தனித்தனியே கண்டு சொன்னவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு நிலம் தெரிகிறது.

மழை எங்கே போகிறது?

லண்டனின் மழை ஆண்டில் நூறு நாளுக்கும் மேல் தூறலாகப் பரவிப் பெய்கிறது. பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே அளவு. வெயில் குறைவென்பதால் பெய்த நீர் மண்ணிலேயே தங்குகிறது. கோவில்பட்டியின் மழைநாட்கள் நாற்பது அளவில்தான். அதிலும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் முற்பகுதி என்ற குறுகிய காலத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதிக் காலமெல்லாம் வெயில். ஒன்பது டிகிரி அட்சரேகையில் காயும் சூரியன் ஓராண்டில் இங்கே ஆவியாக்கக்கூடிய நீர், பெய்யும் மழையைப் போல இரு மடங்குக்கும் மேல். ஒரு நிலம் வறண்டதா இல்லையா என்பதை வரவு மட்டும் தீர்மானிப்பதில்லை. செலவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கரிசலின் வரவு நடுத்தரமானது, செலவு மிகப் பெரியது.

சராசரி என்ற எண்ணே இங்கே ஏமாற்றக்கூடியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. லண்டனில் ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். கோவில்பட்டியிலும் அரை மீட்டரை ஒட்டிப் பெய்தது. ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஒரே நாளில் வந்து, கண்மாய்க் கரைகளை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது. அந்த ஆண்டின் கணக்கைப் பிற்காலத்தில் புரட்டிப் பார்ப்பவர் நல்ல மழை ஆண்டு என்று குறித்துக்கொள்வார். வெள்ளாமையைப் பறிகொடுத்தவர்களின் கணக்கு வேறு.

மேற்கே மலை இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, அங்கிருந்து கிழக்கே வந்தால் கோவில்பட்டியில் புழுதிக் காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் காற்று மேலே குளிர்ந்து ஈரத்தைக் கேரளப் பக்கமும் முகட்டிலும் இறக்கிவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ பத்து டிகிரி சூடேறி, உலர்ந்த காற்றாக வந்து சேர்கிறது. மழைமறைவு என்று பாடப்புத்தகம் இதைச் சொல்கிறது. அந்த மறைவு எவ்வளவு கூர்மையானது என்பதுதான் பலருக்குத் தெரியாது. மாஞ்சோலை மலையிலுள்ள ஊத்து, நாலுமுக்கு ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் ஆண்டு மழை 4000 மில்லிமீட்டரைத் தாண்டிப் போவதுண்டு. கோவில்பட்டியிலிருந்து அவை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. இவ்வளவு குறுகிய தொலைவில் மழை இப்படி மாறுவதை உலகத்தின் பல பகுதிகளில் காண முடியாது.

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் காய்ந்து, நாடு முழுவதும் மழை ஓய்ந்த பிறகு நனைவது தமிழ்நாடு. அதிலும் கரிசலுக்கென்று தனிப் பஞ்சாங்கம் உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி இந்த மானாவாரிக் காட்டுக்குப் பொருந்தாது. இங்கே பட்டம் புரட்டாசியில்தான். ஆடியில் விதைப்பெட்டிக்கு வேலை இல்லை, காற்றுக்குத்தான் வேலை. செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் மலைத்தொடரில் விட்ட இடைவெளி வழியே குவிந்து வேகமெடுத்து வரும் அந்தக் காற்று மழையைக் கொண்டுவருவதில்லை, மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. 1986-இல் நாட்டின் தொடக்ககாலக் காற்றாலைகள் நிறுவப்பட்ட இடங்களில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடும் ஒன்று. கோவில்பட்டிக்குத் தெற்கே, கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில், தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இயங்குகிறது. காற்றாலைகள் தரத்துக்கு ஏற்ப இயங்குகின்றனவா என்று அளந்து பார்க்கப்படுவது அந்தப் புழுதிக் காற்றில்தான்.

எரிமலை இல்லாத ஊரின் கரிய மண்

இனி மண். இந்தக் கட்டுரையின் நடுப்பொருள் அதுதான்.

கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உருவானது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மகாராட்டிரத்துக்கும் மாளவத்துக்கும் அது பொருந்தும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகி ஓடிய எரிமலைக் குழம்பு உறைந்து கரும்பாறையாகி, அது சிதைந்து கரிய மண்ணானது. ஆனால் அந்தக் குழம்பின் தென்னெல்லை வட கர்நாடகத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கோவில்பட்டி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். கோவில்பட்டியைத் தோண்டினால் கீழே எரிமலைப் பாறை வராது. நைஸ், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகள்தான் வரும். இன்றைய மடகாசுகரும் இலங்கையும் அண்டார்ட்டிகாவும் இந்தியாவோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் அவை. கழுகுமலைக் குன்றையும் குருமலையையும் பார்க்கிறவர் அந்தக் காலத்தின் எலும்பைத்தான் பார்க்கிறார். கழுகுமலையில் வெட்டுவான் கோவிலைக் குடைந்தெடுத்த சிற்பிகளின் உளி பட்டது இந்தப் பழம்பாறையின் மேல்தான்.

அப்படியானால் மண் ஏன் கறுத்தது? கரிசலின் குணமெல்லாம் அதிலுள்ள களிமண்ணின் குணம். சுமெக்டைட் என்ற வகைக் களி அது. ஏடு ஏடாக அடுக்கிய நுண்ணிய படலங்களால் ஆனது. நீர் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுந்தால் மண் உப்பும், நீர் போனால் சுருங்கும். இந்தக் களி உருவாக எரிமலைதான் வேண்டும் என்பதில்லை. பாறை சிதையும்போது வெளிவரும் கால்சியமும் மக்னீசியமும் அடித்துக்கொண்டு போகப்படாமல் மண்ணிலேயே தங்க வேண்டும். அதற்குத் தாழ்வான சமநிலமும் அளவான மழையும் போதும். கரிசல் வட்டாரத்தில் இரண்டும் உண்டு. மண்ணுக்குக் கீழே சுக்கான் கற்கள் கிடைப்பதும் இதனால்தான். தங்கிப்போன கால்சியம் சுண்ணாம்பாகத் திரண்ட உருண்டைகள் அவை. ஊர்களில் வீடு கட்டச் சுண்ணாம்புக் காளவாய்களில் சுட்டது இந்தக் கல்லைத்தான்.

நிறத்தைப் பற்றி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கறுப்பு என்றால் மக்கு நிறைந்த வளமான மண் என்று நினைக்கிறோம். உக்ரைனிலும் தென் ரஷ்யாவிலும் உள்ள புகழ்பெற்ற கரிய மண்ணில் நூற்றுக்கு நாலு முதல் பத்துப் பங்கு மக்கு இருக்கும். அந்தக் கறுப்பு அதனுடையது. நம் கரிசலில் கரிமச்சத்து நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. பெரும்பாலும் அரைப் பங்குதான். அந்தச் சிறிதளவு மக்கு களியின் நுண்ணேடுகளோடு இறுகப் பிணைந்து மண் முழுவதையும் கறுப்பாக்கி விடுகிறது. ஆகவே உக்ரைனின் கறுப்பும் கோவில்பட்டியின் கறுப்பும் பார்வைக்கு ஒன்றானாலும் வேறு வேறு. கரிசலில் நிறத்தை நம்பி உரமிடாமல் இருந்தால் நட்டம் உழவருக்கே. இதைச் சொல்லவேண்டிய அளவுக்கு நாம் சொல்லவில்லை.

கோவில்பட்டி மண்ணுக்கென்று தனிச் செய்தி ஒன்று இருக்கிறது. நாகபுரியிலுள்ள தேசிய மண் அளவை, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் நாட்டின் கரிசல் மண்களை வகைப்படுத்தி ஆராய்ந்தபோது கோவில்பட்டி மண்ணில் ஜிப்சம் இயற்கையாகவே இருப்பதைப் பதிவு செய்தது. வறண்ட இடங்களில் கரிசல் மண்ணுக்கு ஒரு கேடு நேரும். கால்சியம் சுண்ணாம்பாக உறைந்துபோய், சோடியம் ஓங்கி, மண் களராகும். நீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்சியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோடியம் ஓங்காது, நீர் இறங்கும். இவ்வளவு வெயிலிலும் இந்தக் காட்டில் பருத்தியும் சோளமும் நின்றதற்கு அந்த ஜிப்சமும் ஒரு காரணம். வேறு ஊர்களில் மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி இடுவதை இந்த மண் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சித்திரை வைகாசியில் கரிசல் காட்டில் நடந்தவருக்குத் தெரியும்: பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கையை முழங்கை வரை விடலாம். சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் போகும். மேலே உதிர்ந்த பொடிமண்ணும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் அந்த வெடிப்புக்குள் விழும். மழை வந்ததும் அடிமண் உப்பி, இடம் போதாமல் மேல்நோக்கி நெருக்கும். பல நூறு ஆண்டுகளில் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாக மாறிக்கொண்டே இருக்கும். மண் வழுக்கிய தளங்கள் தோண்டிய குழியின் சுவரில் பளபளவென்று தெரியும். ஏர் பிடிப்பவர் இல்லாவிட்டாலும் இந்த மண் தன்னைப் புரட்டிக்கொள்கிறது. அதே குணம்தான் வீடுகளின் சுவரைப் பிளக்கிறது, தார்ச்சாலையை அலை அலையாக்குகிறது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் போல் அகன்ற தூண் அடித்தளத்தை வகுத்துக் கொடுத்தது இத்தகைய மண்ணுக்காகத்தான். உப்பலும் சுருக்கமும் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழ் கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கரிசலின் சொந்தக்காரர்கள்

உப்பிச் சுருங்கும் கரிய மண் உலகில் 30 கோடி ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. அதில் பெரும்பங்கு மூன்று நாடுகளில்: இந்தியா, ஆஸ்திரேலியா, சூடான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கரும்புல்வெளிப் பட்டையும் இதே இனம். நமக்கு மாநிலப் பறவையும் மாநில மரமும் இருப்பது போல டெக்சாஸுக்கு மாநில மண் என்று ஒன்று உண்டு. அங்கே அந்தப் பெருமை கரிசலுக்குக் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உழாத கரிசல் நிலங்கள் மேடும் பள்ளமுமாக அலையடித்துக் கிடக்கும். அங்கத்திய ஆதிகுடிகள் அதற்கு வைத்த கில்கை என்ற பெயரை உலக மண்ணியலாரும் ஏற்றுக்கொண்டார்கள். நூற்றாண்டுகளாக ஏர் கண்ட நம் காட்டில் அந்த அலையை எளிதில் பார்க்க முடியாது.

இன்னும் கிட்டத்திலேயே ஓர் உறவு இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியில், அதே வகைக் கரிய களிமண் உண்டு. அங்கே கட்டுக்கரைக்குளம் நீர் கொடுப்பதால் நெல் விளைகிறது. இங்கே குளத்து நீர் எட்டாத காட்டில் பருத்தி. கடலுக்கு இருபுறமும் மண் ஒன்று, பேச்சும் தமிழ், வெள்ளாமை மட்டும் வேறு.

சூடானுக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள தொடர்பு என்னை மிகவும் ஈர்த்தது. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடையே உள்ள கெசீரா சமவெளி முழுவதும் கரிசல். 1925-இல் சென்னார் அணை கட்டி முடிந்த பிறகு, அங்கே ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் வரை பாசனம் விரிந்தது. பயிர் பருத்தி. டெக்சாஸிலும் பருத்தி, குயின்ஸ்லாந்திலும் பருத்தி, கோவில்பட்டியிலும் பருத்தி. நாலு கண்டங்களிலும் ஒரே மண்ணைக் கண்டவர்கள் ஒரே பயிரை நோக்கிப் போனார்கள். காரணம் எளியது. ஆழமான கரிசல் தன் மேல் ஒரு மீட்டருக்குள்ளேயே பயிர் உறிஞ்சக்கூடிய நீராக 200 மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கும். மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் ஆணிவேர் இறங்கி அந்த ஈரத்தைத் தேடிக்கொள்ளும் செடிக்கு இந்த மண் தாய்வீடு.

சூடான் நமக்குப் பருத்தியைத் தரவில்லை. கருங்கண்ணிப் பருத்தி இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய இனம். ஆனால் சோளம் அங்கிருந்து வந்தது. கிழக்குச் சூடானில் கி.மு. 3000-ஐ ஒட்டிய காலத்து மட்பாண்டச் சில்லுகளில் பதிந்த சோளத் தடங்கள்தான் மனிதர் பழக்கிய சோளத்துக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில், இன்றைய மாலி நாட்டில் பழக்கப்பட்டது. கரிசல் வீட்டுக் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஆப்பிரிக்கத் தானியங்கள். விளாத்திகுளத்து மிளகாய் மெக்சிகோவின் வழித்தோன்றல். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் நிலக்கடலை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அது விளைவதும் கரிசலில் இல்லை. பக்கத்துச் செவல் காட்டில்தான், ஏனென்றால் களி இறுகினால் கடலையைப் பிடுங்க முடியாது.

மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலஆவாரையின் கதை இதைவிட வியப்பானது. சூடானிலும் அரபு நாட்டிலும் தானே முளைக்கும் செடி அது. ஐரோப்பிய மருந்து நூல்கள் அதை இரண்டு பெயரில் எழுதின: நைல் வழியே எகிப்தின் துறைமுகத்துக்கு வந்தது அலெக்சாந்திரியா ஆவாரை, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது திருநெல்வேலி ஆவாரை. செடி ஒன்றுதான். மழை குறைந்த கடலோர நிலத்தில் இலையை எளிதில் உலர்த்த முடிவது அதன் தரத்துக்குத் துணை. திருநெல்வேலி என்ற பெயர் உலகத்து மருந்துக்கடைகளில் நுழைந்தது இந்த வறட்சியின் வழியாக.

பருத்திக்கு வருவோம். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து பஞ்சு வருவது நின்றபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியக் கரிசலைத் தேடி வந்தன. தின்னவேலி என்ற பெயரிலேயே நம் பஞ்சு லிவர்ப்பூல் சந்தையில் விலை போனது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறந்ததும், அதன் மேல் இருந்த கோவில்பட்டி பஞ்சு கைமாறும் ஊராக வளர்ந்தது. எட்டயபுரம் ஜமீனின் தலைமை ஊர் எட்டயபுரம். ரயில் அங்கே போகவில்லை. இன்று எது பெரிய ஊர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1901-இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் பண்ணை மானாவாரிக் கரிசலுக்கென்றே வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையமாக இன்றும் இருக்கிறது. 'கே' என்ற எழுத்தோடு வரும் பருத்தி, சோளம், கம்பு ரகங்கள் அங்கே பிறந்தவை.

மண்ணைத் தேடி மனிதர்களும் வந்தார்கள். தாமிரபரணிக் கரையில் நெல் விளைந்த ஊர்கள் மிகப் பழையவை. கரிசல் காட்டில் குடிகள் அடர்ந்தது பிற்பாடு, விஜயநகர, நாயக்கர் காலங்களில். தெலுங்கு பேசிய குடிகள் தெற்கே வந்தபோது, ஏற்கெனவே பிறர் நிறைந்திருந்த ஆற்றுக்கரையை விட்டு, தங்கள் ஊரில் கண்டு பழகிய கரிய மண்ணில் குடியேறினார்கள் என்று வரலாற்றாசிரியர் டேவிட் லட்டன் எடுத்துக்காட்டுகிறார். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' அந்த இடப்பெயர்வின் நினைவைச் சொல்லும் நாவல். ஒரே சிற்றூர் கி.ரா.வையும் கு. அழகிரிசாமியையும் கொடுத்ததற்குப் புவியியலில் விடை தேட முடியாது. ஆனால் அவர்கள் எழுத்தில் மண்ணும் மழையும் பாத்திரங்களாக நிற்பதற்கு விடை இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனால் நிலம் ரத்தச் சிவப்பாக மாறிவிடும். தேரி என்ற செம்மணல் மேடுகள். கடலோரத்தில் இரும்புத் துரு பூசிய பாலைவனம் போலக் கிடக்கும் அந்த மணலில் கற்காலத்தவரின் நுண்கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர்கள் சொய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் அதைப் பற்றி எழுதினார்கள். வல்லநாட்டுக் குன்றுகளில் மேயும் வெளிமான்கள் இந்தியாவிலேயே தென்கோடியில் வாழும் கூட்டம். அவற்றுக்காக 1987-இல் சரணாலயம் அமைந்தது.

தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்

கண்ணுக்குத் தெரியாத மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் சித்திரை முதல் நாளை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கம்புக்கு அப்போது நிழல் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் இது நிகழும். புத்தாண்டும் நிழலற்ற நாளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது இந்த அட்சரேகைக்குக் கிடைத்த பொருத்தம். கரிசல் பள்ளிகளில் ஒரு குச்சியும் ஒரு நண்பகலும் இருந்தால் போதும், பிள்ளைகளுக்குப் பூமி சாய்ந்து சுற்றுவதைக் காட்டிவிடலாம்.

அடுத்தது காந்த நடுக்கோடு. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடு தென் தமிழகத்துக்கு மிக அருகில் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவில் ஏவப்பட்டது இதனால்தான். அந்தக் கோட்டின் மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்ட ஆறு ஓடுகிறது. அதை அளக்க இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. பாரதி பிறந்த எட்டயபுரத்திலும் புவிகாந்தப் பதிவுக்கூடம் ஒன்று இயங்கியது.

மூன்றாவது செய்திதான் மூன்றிலும் பெரியது. கடல்மட்டம் உலகெங்கும் சமமானது அல்ல. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் தாழ்ந்து கிடக்கும். உலகிலேயே மிக ஆழமான அந்தத் தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு கணித்த மட்டத்தைவிட அங்கே கடல் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டர் அளவில்தான் அதன் மையம். 1948-இல் டச்சு அறிஞர் பெலிக்ஸ் வெனிங் மெய்னெஸ் இதைக் கண்டறிந்தார். மேலோட்டுக்கு அடியில் எழுந்த சூடான, அடர்த்தி குறைந்த பொருள்தான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023-இல் விளக்கினார்கள். கரிசல் வட்டாரமும் அந்தத் தாழ்வின் சரிவில்தான் இருக்கிறது. திருத்தம் செய்யாத செயற்கைக்கோள் கருவியைத் தூத்துக்குடிக் கடற்கரையில் வைத்தால், கடல்மட்டத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். கருவியில் பழுது இல்லை. பூமியின் வடிவம் அப்படி.

நீரும் நிலமும்

வைகைக்கும் தாமிரபரணிக்கும் நடுவே வற்றாத ஆறு இல்லை. இருக்கும் வைப்பாறு சாத்தூரைக் கடந்து மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் பல பத்தாண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது. கேரளம் ஏற்கவில்லை. அந்த நீர் வந்தால் நல்லதுதான். ஆனால் அதற்காகக் காத்திருந்ததில் கண்மாய்களை மறந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம். நாற்பது நாளில் கொட்டும் மழையை முந்நூறு நாளுக்கு வைத்துக்கொள்ள இந்த மண்ணில் நம் முன்னோர் கண்ட ஒரே வழி கண்மாய். மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த வேலிக்கருவை இன்று பல கண்மாய்களின் உள்வாயை அடைத்து நிற்கிறது. கோடையில் கரம்பை அள்ளிக் காட்டுக்கு அடித்த வழக்கமும் குறைந்துவிட்டது. அந்த வழக்கத்தில் கண்மாய் ஆழமானது, மக்கு குறைந்த கரிசலுக்கு உரமும் கிடைத்தது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் உழவரின் புழுதி விதைப்பை எடுத்துச் செம்மைப்படுத்தியது இந்த நிலத்தின் கணக்கை அறிந்த வேலை. பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை இறக்கிவிட வேண்டும். ஏமாற்றுத் தூறலுக்கு அந்த ஆழத்தில் விதை முளைக்காது. மண் நனைய ஒரு நல்ல மழை இறங்கினால்தான் முளைக்கும். சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் இரண்டு சதவீதக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் இடையில் வரும் வறட்சியைத் தாங்கும். இப்படி முன்கூட்டியே விதைப்பதால் முதல் மழையின் ஈரம் முழுவதும் பயிருக்குப் போகிறது. மழை வந்த பிறகு கரிசலில் இறங்கி உழவும் முடியாது, மண் காலைப் பிடித்துக்கொள்ளும். விதைக்கக் காத்திருந்தால் பட்டம் போய்விடும்.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் அது உலகிலேயே பெரியதாக இருந்தது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டிக் குச்சிகளை உலர்த்திய வெயில், தூத்துக்குடி உப்பளங்களை இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் வைத்த வெயில், இப்போது மின்சாரமாகிறது. இன்னும் பல ஆயிரம் ஏக்கருக்குத் தகடுகளும் காற்றாலைகளும் நான்குவழிச் சாலைகளும் வரும். அவை வரட்டும். ஆனால் எந்த நிலத்தில் என்பதைத் தீர்மானிக்கும்போது வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்கக் கூடாது. சுக்கான் மேலே தெரியும் மெல்லிய மண்ணும், இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஜிப்சக் கரிசலும் அந்தப் பதிவேட்டில் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மண் அளவை வரைபடங்களில் இரண்டும் தனித்தனியே வரையப்பட்டிருக்கின்றன. தகடுகளைச் சுக்கான் நிலத்தில் ஊன்றலாம், ஆழக் கரிசலைச் சோளத்துக்கும் பருத்திக்கும் உளுந்துக்கும் விடலாம். அந்த வரைபடம் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும், நிலம் கைமாறும் முன் விரித்துப் பார்க்கும் மேசையில் இருக்க வேண்டும்.